பட்டு நெய்த பட்டணம்

பிரான்ஸ் தேசம் என்றதும் நம்மில் பலருக்குப் பாரிஸ்தான் ஞாபகத்துக்கு வரும். பாரிஸை விட்டால் அந்தத் தேசத்தில் வேறு ஊரே கிடையாது என்பதுபோல் பேசிக்கொண்டிருக்கிறோம். லியோன் நகரத்து ஜனங்கள் இதைக் கேட்டால் அவர்களுக்குக் கோபம் வந்துவிடும். கோபத்திலும் நியாயம் உண்டு. பாரிஸ் சீமாட்டிகள் பல தலைமுறைகளாக உடுத்திப் பெருமைப்பட்டது லியோன் பட்டைத்தானே!

பாரிஸுக்குத் தென்கிழக்கே சுமார் 400 கிலோமீட்டர் தூரத்தில், ஆல்ப்ஸ் மலைப் பக்கமிருந்து துள்ளி வரும் ரோன் நதியும், வடக்கேயிருந்து சாவதானமாக நடந்து வரும் சோன் நதியும் கூடுகின்றன. அந்தச் சங்கமத்தில் இருக்கிறது லியோன். ஊருக்கு இரண்டு குன்றுகள். "ஒரு குன்று ஜபம் செய்கிறது, மற்றொரு குன்று வேலை செய்கிறது" என்று அங்கே சொல்வது வழக்கம். ஜபம் செய்கிற குன்றின் பெயர் பூர்வியேர். அதன் உச்சியில் மாதா கோயில். வேலை செய்கிற குன்றின் பெயர் க்ருவா-ரூஸ்; அங்கே பட்டுத் தறிகள். இந்த இரண்டு குன்றுகளும் போதும், லியோனின் இரண்டாயிரம் வருஷச் சரித்திரத்தைச் சொல்ல. அதிலும் இரண்டாவது குன்றின் கதையைக் கேட்டால், பட்டைப் பார்க்கிற நம் கண்ணே சிறிது மாறிவிடும்.

ரோமாபுரியின் பிள்ளை

ஜூலியஸ் சீஸர் கொலையுண்ட மறு வருஷம், அதாவது கி.மு. 43-ல், முனாஷியஸ் பிளாங்கஸ் என்ற ரோமானியத் தளபதி பூர்வியேர் குன்றின்மேல் ஒரு குடியேற்றத்தை ஸ்தாபித்தான். அதற்கு லுக்துனும் என்று பெயர் வைத்தார்கள். பூர்வியேர் என்பதற்கு 'பழைய சந்தைத் திடல்' என்று அர்த்தமாம். நம்முடைய 'பூர்வ'த்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் பொருத்தம் பாருங்கள்!

நகரம் வெகு சீக்கிரத்தில் வளர்ந்தது. பின்னால் ரோம சக்கரவர்த்தியான கிளாடியஸ் பிறந்தது இந்த ஊரில்தான், வருஷம் கி.மு. 10. பிறந்த மண்ணை அவர் மறக்கவில்லை. கி.பி. 48-ல் ரோமாபுரி சபையில் எழுந்து, "கால் நாட்டுப் பிரமுகர்களுக்கும் இந்தச் சபையில் இடம் கொடுக்க வேண்டும்" என்று வாதாடினார். லியோனும் இன்றைய பிரான்ஸும் அந்தக் கால் நாட்டைச் சேர்ந்தவை. சக்கரவர்த்தியின் பேச்சை வெண்கலத் தகட்டில் பொறித்து ஊரில் வைத்தார்கள். அப்புறம் எல்லாரும் அதை மறந்துபோனார்கள். 1528-ல் க்ருவா-ரூஸ் சரிவில் இருந்த ஒரு திராட்சைத் தோட்டத்தில் தகடு அகப்பட்டது. கண்டெடுத்தவர் யார் தெரியுமா? ஒரு ஜவுளி வியாபாரி! லியோன் சரித்திரத்தில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் துணி வந்து நிற்பது ஆச்சரியந்தான்.

அதே க்ருவா-ரூஸ் சரிவில் ரோமானியர்களின் வட்டரங்கம் ஒன்றும் இருந்தது. கி.பி. 177-ல் கிறிஸ்தவர்கள் பலரை அங்கே வதைத்துக் கொன்றார்கள். அவர்களில் பிளாந்தினா என்ற அடிமைப் பெண்ணும் ஒருத்தி. எத்தனை சித்திரவதை செய்தும் அவள் தன் நம்பிக்கையைக் கைவிடவில்லை. அவளை ஆட்டிவைத்த எஜமானர்களின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. அந்த அடிமைப் பெண்ணின் பெயரோ பதினெட்டு நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கிறது.

பட்டு வந்த விதம்

1312-ல் லியோன் பிரெஞ்சு அரசரின் கைக்கு வந்தது. 1463-ல் பதினோராம் லூயி, வருஷத்துக்கு நான்கு பெரிய சந்தைகள் நடத்திக்கொள்ள அந்த ஊருக்கு அநுமதி அளித்தார். பிளாரன்ஸ் முதலிய இத்தாலிய நகரங்களிலிருந்து வியாபாரிகளும் லேவாதேவிக்காரர்களும் மூட்டை முடிச்சுகளோடு வந்து இறங்கினார்கள். அவர்கள் கொண்டுவந்த சரக்கில் முக்கியமானது பட்டு. அரண்மனை ஸ்திரீகள் பட்டு வேண்டும் என்றார்கள். பிரபுக்களும் பட்டு வேண்டும் என்றார்கள். பிரான்ஸின் பணம் மலைதாண்டி இத்தாலிக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இந்தப் பட்டை நாமே நெய்தால் என்ன?" என்று லூயி மன்னர் 1466-ல் யோசனை செய்தார். லியோன் வியாபாரிகள் முகத்தைச் சுளித்தார்கள். இத்தாலியப் பட்டை விற்று நல்ல லாபம் சம்பாதிக்கிறவர்களுக்கு உள்ளூர்ப் பட்டு எதற்கு? கடைசியில் மன்னர் அலுத்துப்போய்த் தறிகளை தூர் நகரத்துக்கு அனுப்பிவிட்டார். வீடு தேடி வந்த லக்ஷ்மியை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள் லியோன்காரர்கள்!

ஆனால் லக்ஷ்மி மறுபடியும் வந்தாள். 1536-ல் பிரான்ஸ்வா மன்னர், எத்தியேன் துர்கே என்ற பீட்மான்ட் பிரதேசத்து வியாபாரிக்கும் அவருடைய கூட்டாளிக்கும் லியோனில் பட்டு நெய்யச் சலுகைகள் கொடுத்தார். தொழிலாளர்களுக்கு வரிவிலக்கும் கிடைத்தது. 1540-ல், தேசத்துக்குள் வருகிற கச்சாப்பட்டு லியோன் வழியாகத்தான் வரவேண்டும் என்று உத்தரவு பிறந்தது. அப்புறம் கேட்பானேன்? ஊர் முழுவதும் தறிச் சத்தந்தான்.

அந்த நூற்றாண்டில் லியோன் பட்டுக்கு மட்டுமல்ல, படிப்புக்கும் பெயர் பெற்றிருந்தது. 1473-லேயே அங்கே அச்சுக்கூடம் வந்துவிட்டது. கயிறு திரிப்பவரின் மகளாகப் பிறந்து, கயிறு திரிப்பவருக்கே மனைவியான லூயி லாபே என்ற லியோன் பெண்மணி, 1555-ல் தன் கவிதைகளைப் புத்தகமாக வெளியிட்டாள். 'கயிற்றுக்காரரின் அழகி' என்று ஊரார் அவளை அழைத்தார்கள். புத்தகத்தின் முன்னுரையை ஊரில் வேறொரு பெண்ணுக்கு எழுதும் கடிதம்போல அமைத்து, பெண்கள் கதிரோடும் ராட்டினத்தோடும் நின்றுவிடாமல் கல்வியிலும் மனத்தைச் செலுத்த வேண்டும் என்று வற்புறுத்தினாள். நானூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னே இதைத் துணிந்து அச்சில் சொன்னாள் என்றால் சாமானியமா?

கயிறு இழுத்த சிறுமிகள்

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் லியோன் பட்டுக்கு ஐரோப்பா முழுவதும் ஏக கிராக்கி. பிலிப் தெ லாசால் என்ற சித்திரக்காரர், பூவும் பறவையுமாக வரைந்து நெய்வித்த பட்டுகள் ருஷ்யச் சக்கரவர்த்தினி காதரீனின் அரண்மனைச் சுவர்களை அலங்கரித்தன.

பட்டில் பூ பூத்தது. அதைப் பூக்கவைக்க யார் பாடுபட்டார்கள்? அந்தக் காலத்துச் சித்திரத் தறியை ஒருவர் தனியாக நெய்ய முடியாது. நெசவாளி நாடாவை ஓட்டுவார். பூ வேலைக்கு எந்தெந்தப் பாவு இழைகளைத் தூக்க வேண்டுமோ அவற்றைக் கட்டியிருக்கும் கயிறுகளைப் பக்கத்தில் இன்னொருவர் இழுக்க வேண்டும். அந்த வேலைக்கு வைத்துக்கொண்டது பெரும்பாலும் சிறுமிகளை. கிராமத்திலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குழந்தைகள், விடிந்ததிலிருந்து இருட்டுகிறவரை, குனிந்தும் வளைந்தும் கயிறு இழுத்தார்கள். பாரமான கயிறுகள் இழுத்து இழுத்து உடம்பே கோணிப்போன பெண்கள் உண்டு.

நெசவாளியின் நிலைமையும் சிலாக்கியமில்லை. தறி அவருடையது, நூலும் சித்திரமும் வியாபாரியுடையவை. நெய்த முழத்துக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியை நிர்ணயிப்பது வியாபாரி. 1744-லும் நெசவாளர்கள் கிளர்ச்சி செய்தார்கள், 1786-லும் செய்தார்கள். இரண்டாவது கிளர்ச்சிக்கு 'இரண்டு காசுக் கலகம்' என்றே பெயர். அளவுக்கு இரண்டு காசு கூட்டிக் கொடுக்கச் சொன்னதுதான் குற்றம். அதற்காகச் சிலரைத் தூக்கிலிட்டார்கள்.

மூன்று வருஷம் கழித்துப் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. அரண்மனைகள் காலியாகிவிட்டால் பட்டு வாங்குவது யார்? தறிகள் நின்றன. 1793-ல் லியோன், பாரிஸிலிருந்த புரட்சி சர்க்காரை எதிர்த்து நின்றது. படை வந்து இரண்டு மாதம் முற்றுகையிட்டு, அக்டோபரில் ஊரைப் பிடித்தது. லியோன் என்ற பெயரே இருக்கக் கூடாது, பணக்காரர் வீடுகளை இடிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஊருக்கு 'விடுதலை பெற்ற நகரம்' என்று புதுப் பெயர் சூட்டிவிட்டு, ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். விடுதலை என்ற சொல்லுக்கு இப்படியும் ஓர் உபயோகம்!

அட்டை செய்த அற்புதம்

இடிந்த ஊரை மறுபடி நிமிர்த்தியதில் ஒரு நெசவாளியின் மகனுக்குப் பெரும் பங்கு உண்டு. ஜோசப் மாரி ஜக்கார் 1752-ல் லியோனில் பிறந்தவர். சித்திரத் தறியில் கயிறு இழுக்கும் ஆளே இல்லாமல் செய்ய முடியாதா என்பது அவருடைய யோசனை. அவருக்கு முன்பே மூன்று பேர் இதில் முயன்றிருந்தார்கள். அவர்களுடைய யோசனைகளை ஒன்றுசேர்த்து, 1804-ல் அவர் ஒரு சாதனத்தை உருவாக்கினார்.

அதன் சூட்சுமம் இதுதான்: சித்திரத்தின் ஒவ்வொரு ஊடைக்கும் ஓர் அட்டை. அட்டையில் துளைகள். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே நுழையும். அதற்குரிய பாவு இழை மேலே எழும்பும். துளை இல்லாத இடத்தில் இழை எழும்பாது. அட்டைகளைக் கோத்து மாலைபோல் சுற்றவிட்டால் நெசவாளி காலால் மிதிக்க மிதிக்கப் பூ தானாகவே விழும். கயிறு இழுக்கும் சிறுமிக்கு வேலை இல்லை.

இந்த இடத்தில் நம் வீட்டுப் பீரோவையும் நினைத்துக்கொள்ளலாம். காஞ்சிபுரத்தில் கைத்தறிக்கு மேலே ஒரு பெட்டியும், துளையிட்ட அட்டை மாலையும் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். 'ஜக்கார்டு' என்று நெசவாளர்கள் சொல்லும் சாதனம் அதுவே. முந்தானையில் மயிலும் யானையும் வரிசை தப்பாமல் நிற்பது, லியோன் நெசவாளி மகன் கொடுத்த வரம். இன்னொரு ஆச்சரியம்: துளையுள்ள அட்டையால் யந்திரத்துக்குக் கட்டளையிடலாம் என்ற இதே யோசனையை, இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணக்கு யந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். கம்ப்யூட்டரின் முன்னோர்களைத் தேடிப் போனால் ஒரு பட்டுத் தறி எதிர்ப்படும்!

லியோன் நெசவாளர்கள் மட்டும் ஜக்காரை உடனே வாழ்த்திவிடவில்லை. பிழைப்புப் போய்விடும் என்று திட்டினார்கள். ஆனால் தறிகள் பெருகின. மேலே பெட்டி வைத்த புதுத் தறி உயரமானது. பழைய வீடுகளில் அடங்கவில்லை. ஆகவே க்ருவா-ரூஸ் குன்றில் சுமார் நான்கு மீட்டர் உயரக் கூரையும் பெரிய பெரிய ஜன்னல்களுமாகப் புது வீடுகள் எழுந்தன. நல்ல வெளிச்சமான இடம் தறிக்கு. மூலையில் ஏணி வைத்து ஏறும் மரப் பரண் குடும்பத்துக்கு. புருஷன் நெய்ய, மனைவி நூல் சுற்ற, குழந்தைகள் எடுபிடி செய்ய, நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம், பதினைந்து மணி நேரம் வேலை. தறிச் சத்தத்தை 'பிஸ்தான்-கிளாக்-பான்' என்று ஊரார் கேலியாகச் சொல்வார்கள். 'கனூ' என்றால் பட்டு நெசவாளி. பூண்டும் பூண்டுத்தாளும் நறுக்கிப்போட்டுக் கடைந்த பாலாடைக்கட்டிக்கு, 'கனூவின் மூளை' என்று லியோனில் பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அசல் சைவம்!

வேலை இல்லாமற்போன கனூக்களில் லோரான் மூர்கே என்று ஒருவர் இருந்தார். அவர் பல் பிடுங்கும் தொழிலுக்குப் போனார். வலியில் அலறுகிறவர்களின் கவனத்தைத் திருப்பப் பக்கத்தில் பொம்மலாட்டம் நடத்தினார். பல்லை விடப் பொம்மைக்குக் கூட்டம் அதிகமாகிவிட்டது. 1808-ஐ ஒட்டி அவர் உண்டாக்கிய 'கிஞோல்' என்ற பொம்மை, பணக்காரனையும் போலீஸ்காரனையும் வாயால் மடக்குகிற ஏழை நெசவாளி. பிரான்ஸ் தேசத்துக் குழந்தைகள் இன்றும் கிஞோலைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள்.

கறுப்புக் கொடி

1831-ல் லியோனில் சுமார் 8,000 தறிச் சொந்தக்காரர்களும், அவர்களிடம் வேலை பார்த்த 30,000 தொழிலாளர்களும் இருந்தார்கள். கூலியோ வருஷா வருஷம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் அக்டோபரில், நம் கலெக்டரைப் போன்ற ஜில்லா அதிகாரி இரு தரப்பாரையும் கூட்டி உட்காரவைத்து, குறைந்தபட்சக் கூலி விகிதம் ஒன்றுக்குச் சம்மதிக்கவைத்தார். க்ருவா-ரூஸில் வீட்டுக்கு வீடு சந்தோஷம். ஆனால் வியாபாரிகளில் பலர், "இந்த விகிதப்படி கொடுக்க மாட்டோம்" என்று மறுத்துவிட்டார்கள். பாரிஸ் சர்க்காரும் அவர்கள் பக்கமே சாய்ந்தது.

நவம்பர் 21-ந் தேதி காலையில் தறிகள் நின்றன. குன்றிலிருந்து நெசவாளர்கள் ஊர்வலமாக இறங்கினார்கள். துப்பாக்கிகள் வெடித்தன; பலர் விழுந்தார்கள். மற்றவர்கள் கறுப்புக் கொடியை உயர்த்தினார்கள். 'உழைத்து வாழ்வோம், இல்லையேல் போராடி மடிவோம்' என்பது அவர்களுடைய கோஷம். இரண்டே நாளில் நகரம் அவர்கள் கைக்கு வந்துவிட்டது.

வந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் விசேஷம். வியாபாரிகளின் கிடங்குகள் நிறையப் பட்டு இருந்தது. அதைச் சூறையாட விடாமல் நெசவாளர்களே காவல் போட்டார்கள். அவர்கள் கேட்டது நெய்ததற்குக் கூலி. பிறர் சொத்து அல்ல. டிசம்பர் ஆரம்பத்தில் மார்ஷல் சூல்ட்டின் தலைமையில் சுமார் 20,000 பேர் கொண்ட படை வந்தது. கூலி விகிதம் ரத்து. சமாதானம் பேசிய அதிகாரிக்கும் உத்தியோகம் போயிற்று. 1834 ஏப்ரலில், தொழிலாளர் சங்கங்களை ஒடுக்கும் சட்டம் வந்தபோது மறுபடியும் கலகம் மூண்டது. ஆறு நாள் சண்டையில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

தோற்றுத்தான் போனார்கள். ஆனாலும் அந்தக் குன்றில் முளைத்த யோசனைகள் சாகவில்லை. முதலாளி, தொழிலாளி வழக்கை இரு தரப்புப் பிரதிநிதிகளுமே உட்கார்ந்து தீர்க்கும் தொழில் நியாயஸ்தலம், 1806-ல் லியோனில்தான் முதன்முதலாக ஏற்பட்டது. அது பிரான்ஸ் முழுவதும் பரவியது. 1835-ல் கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றையும் லியோனில் திறந்தார்கள். தொழிற்சங்கம் வைப்பது சட்டப்படி சரி என்று தேசம் ஒப்புக்கொண்டது 1884-ல். ஐம்பது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது!

பெட்டியும் கையுமாகப் பெண்கள்

நெசவுக்கு முன்னால் பட்டு இழையை முறுக்கேற்றும் வேலை ஒன்று உண்டு. அதைச் செய்தவர்கள் பெண்கள். கிராமங்களிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்த அந்த இளம்பெண்களைப் பல முதலாளிகள் ஆலையை ஒட்டிய விடுதிகளில் படுக்கவைத்தார்கள். 1869 ஜூனில் ஏறக்குறைய 2,000 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாளுக்கு இரண்டு பிராங்க் கூலி வேண்டும், பன்னிரண்டு மணி வேலையைப் பத்தாகக் குறைக்க வேண்டும் என்பது கோரிக்கை. முதலாளிகள் விடுதிக் கதவைச் சாத்திவிட்டார்கள். துணிப்பெட்டியும் கையுமாகப் பெண்கள் தெருவில் நின்றார்கள். ஆனாலும் வாரக்கணக்கில் தாக்குப்பிடித்தார்கள். கேட்ட கூலி கிடைக்கவில்லை. சில ஆலைகளில் வேலை நேரம் மட்டும் குறைந்தது. பிரான்ஸில் பெண்கள் தாமாகவே நடத்திய முதல் பெரிய வேலைநிறுத்தம் இது என்கிறார்கள்.

லியோன் ஆலைப் பெண்களை உலகமே பார்க்கும்படி செய்தது வேறொரு சம்பவம். 1895-ல் லூமியேர் சகோதரர்கள், லியோனில் தங்கள் போட்டோத் தகட்டு ஆலையின் வாசலில் காமிராவை வைத்து, வேலை முடிந்து தொழிலாளர்கள் வெளியே வருவதைப் படம்பிடித்தார்கள். ஒரு நிமிஷங்கூட ஓடாத படம். நீளப் பாவாடையும் தொப்பியுமாகக் கும்பல் கும்பலாக வெளிவருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அடுத்த வருஷம், 1896 ஜூலை 7-ந் தேதி, பம்பாய் வாட்ஸன் ஹோட்டலில் லூமியேர் படங்களைத் திரையிட்டபோது இந்தப் படமும் அதில் இருந்தது. நம் தேசத்துக்கு வந்த முதல் சினிமாவில், லியோன் நகரத்துத் தொழிலாளப் பெண்கள் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்!

சந்துகள் காத்த ரகசியம்

லியோனில் 'திராபூல்' என்று ஒருவகைச் சந்து உண்டு. ஒரு தெருவில் ஒரு வீட்டுக் கதவைத் திறந்து நுழைந்தால், முற்றம், மாடிப்படி, இன்னொரு முற்றம் என்று போய் அடுத்த தெருவில் வெளிவரலாம். மழையில் பட்டு நனையாமல் எடுத்துப்போக நெசவாளர்களுக்கு உதவிய வழி இது. இரண்டாவது உலக யுத்தத்தில் அதே சந்துகள் வேறொன்றுக்கு உதவின. 1942 நவம்பரில் ஜெர்மன் படை லியோனுக்குள் நுழைந்தது. ரகசிய எதிர்ப்பு இயக்கத்தார் இந்தக் கதவில் நுழைந்து அந்தக் கதவில் மறைந்தார்கள்.

1943 ஜூன் 21-ந் தேதி, லியோனை ஒட்டிய கலுயீரில், இயக்கத்தின் தலைவர் ஜான் மூலானும் வேறு சிலரும் பிடிபட்டார்கள். சித்திரவதைக்கு ஆளான மூலான் வாய் திறக்காமலே இறந்தார். அன்று பிடிபட்டவர்களில் ரேமோன் ஒப்ராக் என்பவரும் ஒருவர். அவருடைய மனைவி லூஸி, சரித்திர ஆசிரியை, அப்போது கர்ப்பிணி. அக்டோபர் 21-ந் தேதி, கைதிகளை ஏற்றிச் சென்ற ஜெர்மன் லாரியைத் தன் தோழர்களோடு மறித்துத் தாக்கிக் கணவரை மீட்டாள். பிப்ரவரியில் இருவரும் விமானத்தில் லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். சில நாட்களில் அங்கே பெண் குழந்தை பிறந்தது. மூலானை வதைத்த கிளாஸ் பார்பியை, 1987-ல் அதே லியோன் நகரத்துக் கோர்ட்டில் நிறுத்தி ஆயுள் தண்டனை கொடுத்தார்கள்.

குன்று இன்று

1998-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் லியோனின் பழைய நகரத்தையும் க்ருவா-ரூஸ் சரிவையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பார்க்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை. கைத்தறிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே மிஞ்சியிருக்கின்றன. பழைய அரண்மனைத் திரைகளைப் புதுப்பிப்பது போன்ற வேலைகளுக்கு இன்னமும் அவை தேவைப்படுகின்றன. நெசவாளர் குடும்பம் பரண்மேல் முடங்கிக் கிடந்த வீடுகளுக்கு இப்போது ஏக கிராக்கி. "எவ்வளவு உயரமான கூரை, எவ்வளவு வெளிச்சம்!" என்று வசதியுள்ளவர்கள் போட்டி போட்டு வாங்குகிறார்கள். அந்த உயரமும் அந்த வெளிச்சமும் தறிக்காக ஏற்பட்டவை, மனிதர்களுக்காக அல்ல.

லியோன் பட்டை அரசர்கள் உடுத்தினார்கள், அரசிகள் உடுத்தினார்கள், மேற்றிராணிமார்கள் உடுத்தினார்கள். நெய்தவர் வீட்டுப் பெண் அதை உடுத்தியதாகச் சரித்திரத்தில் எங்கும் காணோம். அவர்கள் கேட்டது பட்டு அல்ல. முழத்துக்கு இரண்டு காசு கூடுதலாகத்தான். ஜவுளிக்கடையில் ஒரு புடவையை விரித்துப் பிடித்து, "என்ன, இவ்வளவு விலை சொல்கிறீர்கள்?" என்று நாம் பேரம் பேச ஆரம்பிக்கும்போது, அந்த விலையில் தறிக்குப் போய்ச் சேருவது எவ்வளவு என்றும் ஒரு வார்த்தை கேட்டு வைக்கலாம்.